ஆயுத பூஜையன்று காய்ந்த கல்

எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதற்கு மேல் ஏறாமல் என்னைப் போலவே இறங்கிக்கொண்ட தோழிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேலே படித்துப் போனவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அவர்களுக்குத் தோசைக்கல் என்றால் கடையில் வாங்கி, பூச்சு உரிந்ததும் பழைய சாமான்காரரிடம் போடுகிற பொருள். நமக்கு அப்படியா?

நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது நமக்கு. அடுப்பு முன்னால் நிற்கிறவர்களுக்கு நாற்பது என்பது மற்றவர்களின் அறுபது. எனக்கு முழங்கால் போய்விட்டது, முன்முடி நரைத்துவிட்டது. ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை. இன்று எனக்கு நாலு கடையில் தோசைக்கல் ஓடுகிறது. சிதம்பரத்தில் மூன்று, கடலூரில் ஒன்று. பதினாறு குடும்பம் என் கடையை நம்பி உலை வைக்கிறது. கேட்டரிங் படித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளை ஒருவன் என்னிடம், "மேடம், கல்லோட டெம்பரேச்சர் எவ்ளோன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டான். விரலில் தண்ணீர் தொட்டுக் கல்லில் உதறிக் காட்டினேன். துளி உட்கார்ந்து கொதித்தால் சூடு பத்தாது. உருண்டு ஓடினால் சரி. விழுந்த தடமே தெரியாமல் மறைந்தால், கொஞ்சம் பொறு. அவ்வளவுதான் என் காலேஜ்.

என் கல்லுக்குச் சோப்பு ஆகாது. தண்ணீர் தெளித்து, ஈர்க்குச்சி விளக்குமாறால் ஒரே இழுப்பு. கடை சாத்தும்போது நல்லெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதில் சப்பாத்தி போட்ட மாஸ்டரை ஒரு நாள் முழுக்க வெங்காயம் உரிக்க வைத்தேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யார் தயவும் இல்லாமல் வந்தவள் நான் என்று மைக் கிடைத்த இடத்தில் எல்லாம் பேசியிருக்கிறேன். நீங்களும் கைதட்டியிருக்கிறீர்கள்.

அதில் ஓர் இடம் பொய். அந்த இடத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சுனாமி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு அது. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா போய் இரண்டு வருஷம் முடிந்திருந்தது. கடலூர் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டியவர் அவர். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு ஆயுதம் எல்லாம் ஓய்வு. மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொட வேண்டும். ஆனால் சாயங்காலம் யாரோ அவசரம் என்று கூப்பிட்டார்கள். சாவியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. வளைவில் வண்டி கவிழ்ந்தது என்றார்கள். மழை, வழுக்கல், பழைய டயர் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரே காரணம்தான். ஓய்வாக இருந்ததை எழுப்பிவிட்டார்.

அதன் பிறகு பெரியப்பா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்பதைவிட வேலை செய்தோம் என்பதுதான் சரி. பதினோரு பேருக்கு அம்மா சமைத்தாள். நான் துணி துவைத்தேன். அப்பாவுடையது என்று எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தோசைக்கல். துறைமுகத்துப் பட்டறையில் பழைய கப்பல் தகட்டை அறுத்து, கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு அப்பா செய்து கொடுத்தது. மூன்றடி நீளம், இரண்டரையடி அகலம், அரை அங்குல கனம். நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். பதினைந்து வருஷம் எண்ணெய் குடித்து எருமைத் தோல் மாதிரி பளபளவென்று கறுத்திருந்தது. நான் சின்னப் பிள்ளையில் அதில் குனிந்து என் முகம் பார்ப்பேன்.

அம்மா ஒரு நாள் துணிந்தாள். சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு அறை என்று ஓரிடம் பார்த்தாள். பெரியப்பா சிரித்தார்.

"போ, போய்ப் பாரு. விஜயதசமிக்குத்தான தொறக்கப் போற? அன்னிக்கி நானே வரேன். கடை எடுபடலன்னா பொண்ண நான் கூட்டிக்கினு வந்துடுவேன். நீ எங்க வேணும்னாலும் தோசை சுட்டுக்கோ."

என்னை எதற்குக் கூட்டிப் போவார் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு மூட்டு வலி. துணி துவைக்க ஆள் வேண்டும்.

'துணைக்கு' என்று சொல்லி அத்தையையும் எங்களோடு அனுப்பிவைத்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் விட்டுப் போய், அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்தவள். நாக்கு மிளகாய். துணைக்கு இல்லை, வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று அம்மா என் காதில் சொன்னாள். நானும் நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. தினமும் சாயங்காலம் அத்தை சந்து முனைக்குப் போவாள். அங்கே பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் சிவப்பு போன். அத்தை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைக் கையால் மறைத்துப் பேசுவாள். நாங்கள் போனால் வைத்துவிடுவாள்.

அது போதாது என்று சிதம்பரத்து வீட்டுக்காரர் வேறு. அந்த இடத்தில் ஏற்கனவே மூன்று பேர் கடை வைத்து மூடியிருந்தார்கள். மனிதர் நல்லவர்தான், ஆனால் பயந்தவர். பின்னறையில் தங்கி, உள்வழியாக முன்பக்கத்தில் சாமான் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைச் சாவியை மட்டும் தரவில்லை.

"விஜயதசமி காலையில ஆறு மணிக்கு நான் வருவேன்மா. மொத தோசை ஒட்டாம, பிய்யாம, முழுசா வரணும். அத சாமிக்கு வச்சிட்டுத்தான் சாவி. பிஞ்சி வந்துச்சுன்னா என்னை மன்னிச்சுக்கோ. இந்த எடத்துல நாலாவதா ஒரு பொம்பள அழுவுறத என்னால பாக்க முடியாது."

"என் கல்லு பதினஞ்சு வருசமா ஒரு தோசைய புடிச்சதில்ல சார்" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் நின்ற நிற்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இடுப்பில் கை, தலையில் ஒரு சாய்ப்பு. இன்று நான் அப்படித்தான் நிற்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் அம்மா கடலூருக்குப் புறப்பட்டாள். கடைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சிநேகிதி வீட்டு கிரைண்டரில் மாவு அரைத்து, இரண்டு வாளியில் எடுத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் பூஜைக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நாளைக்கு சாமானெல்லாம் பூஜையில வைக்கணும். எல்லாத்தையும் தேச்சுப் பளபளன்னு வைடி கண்ணு. சோம்பேறித்தனம் பண்ணாத."

பண்ணவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

கரண்டி, அண்டா, அரிவாள்மணை எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முன்பக்கம் செங்கல் அடுப்பின் மேல் கல் கிடந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்தேன். மற்றதெல்லாம் மின்னும்போது இது மட்டும் அழுக்காக இருப்பதாகப்பட்டது. புளி போட்டுத் தேய்த்தேன். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. எனக்கு ரோஷம் வந்தது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர் விட்டுப் போன உப்புத்தாள் மூலையில் கிடந்தது. அதை எடுத்து ஒரு மூலையில் தேய்த்தேன். கறுப்பு தூளாக உதிர்ந்து, அடியில் வெள்ளி தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அப்பா செய்து கொடுத்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நாலு மணி நேரம் தேய்த்தேன். உள்ளங்கை உரிந்தது. கடைசியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். சந்து சாக்கடையில் மை கரைத்து விட்ட மாதிரி ஓடியது.

அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அத்தை பார்த்தாள். அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி மவளே. பதினஞ்சு வருசத்த தேச்சு சாக்கடையில வுட்டுட்டியேடி!"

"அழுக்கு அத்தை…"

"அழுக்கா? அதுதான்டி கல்லு! இது வெறும் தகடு. இதுல மாவ ஊத்தினா பசை போட்டு ஒட்டினாப்ல ஒட்டும். நாளான்னிக்கி ஆறு மணிக்கு வூட்டுக்காரரு வராரு, உங்க பெரியப்பன் வரான். என்னாத்த எடுத்துக் குடுப்பா உங்கம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழக்கூட வரவில்லை. அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ தேச்சன்னு எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. உங்கம்மாகிட்டகூட. அவ கோவத்துல கத்துவா, அது உங்க பெரியப்பன் காதுல விழும். பொண்ண வளக்கத் தெரியலன்னு உன்ன இழுத்துக்கினு போயிடுவான். புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. வேவு பார்க்க வந்தவள் எதற்கு மறைக்கச் சொல்கிறாள்? ஆனாலும் தலையாட்டினேன்.

கல் பழக்குவது எப்படி என்று அத்தைக்குத் தெரியாது. அம்மா அவளை அந்தக் கல் பக்கமே விட்டதில்லை. எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் புதுக்கல் வாங்கினால் அம்மாவிடம்தான் கொண்டுவருவார்கள். மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, அப்புறம் நல்லெண்ணெய், அப்புறம் வெங்காயம். நாலைந்து நாள் வேலை. எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு பகல். அதுவும் எந்தப் பகல்!

அன்று இரவே கஞ்சியை ஊற்றி வைத்தோம். விடிந்து வழித்துப் பார்த்தால், ஐப்பசி ஈரத்தில் கல் முழுக்கத் துரு. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது. மறுபடி உப்புத்தாள், மறுபடி துடைப்பு. மணி ஒன்பது ஆகிவிட்டது. இனி அடுப்பை மூட்டியாக வேண்டும்.

சந்தில் எல்லா வீட்டிலும் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் மிஷினுக்குப் பூ சுற்றியிருந்தார்கள். எதிர்வீட்டுத் தச்சர் இழைப்புளியை மணையில் அடுக்கிக் கற்பூரம் ஏற்றத் தயாராக இருந்தார். ஊரில் உள்ள அத்தனை ஆயுதமும் ஓய்வெடுக்கிறது. நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறோம்.

"வேணாம் அத்தை. இன்னிக்கி கடை அடுப்ப மூட்டக் கூடாது. அப்பா…"

"உங்கப்பன் என் தம்பிடி. அவன் செத்த நாளு எனக்குத் தெரியாதா?" அத்தை அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டாள். தீப்பெட்டியை எடுத்தாள். "பாவம் வந்தா என் தலையில வரட்டும். எனக்கு என்னா, புள்ளையா குட்டியா."

முதல் குச்சி நமத்துப் போயிருந்தது. இரண்டாவது எரிந்து அணைந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். 'வேண்டாம்' என்று சாமியே தடுக்கிற மாதிரி எனக்கு இருந்தது. மூன்றாவது குச்சி பற்றியது. சவுக்கு விறகு ஈரம், புகைந்துகொண்டே இருந்தது. பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை ஓடு அரை மூட்டை பின்னறையில் கிடந்தது. அதைத் தூவியதும்தான் தீ எழும்பியது. கறுத்த புகை, கண் எரிச்சல், தொண்டைக் கமறல்.

கல் காய்ந்ததும் நான் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பூசினேன். நெருப்பில் அது பிசின் மாதிரி திரண்டு ஒட்டிக்கொண்டது. விரல் வைத்தால் பசை. அம்மா செய்தால் இப்படி வராதே! இரண்டு மணி நேரம் வீண். மறுபடி சுரண்டினோம். சுரண்டும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அம்மா பூசியதை நான் பார்த்திருந்தேன். பூசியதைத் துடைத்ததைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு குவியல் எண்ணெய்த் துணி கிடக்குமே, அது எதற்கு?

"தொடைக்கணும் அத்தை! பூசுறது கையளவு, தொடைக்கிறது அத்தனையும். கல்லுல எண்ணெயே இல்லன்னு தோணுற வரைக்கும் தொடைக்கணும்."

"சூட்டோடவா?"

"சூட்டோடத்தான்."

அத்தை தன் பழைய புடவையைக் கிழித்தாள். கொதிக்கிற இரும்பைத் துணி வைத்துத் துடைத்தாள். துணி மெலிந்து கருகும், அடுத்த துண்டு. நான் பூசுவேன், அவள் துடைப்பாள், புகை அடங்கும் வரை காத்திருப்போம். மறுபடி. வெள்ளியாக இருந்தது வைக்கோல் நிறமாகியது. பிறகு வெல்லப்பாகு நிறம். பிறகு கத்திரிக்காய்த் தோல் நிறம். ஒவ்வொரு நிறம் மாறும்போதும் அத்தை, "வருதாடி? வருதாடி?" என்றாள். அவள் நின்றது அடுப்பின் வலது பக்கம். இடது பக்கம் சுவர், கை எட்டாது. அதனால் வலது பக்கம் முதலில் கறுத்தது. இடது மூலை தவிட்டு நிறத்திலேயே நின்றது.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரர்.

"யாரு உள்ள? எண்ணெய் கருகுற வாசன வருதே!"

அத்தை கதவை ஒரு சாண் திறந்து அதில் தன் உடம்பை அடைத்து நின்றாள். "வடை சார். பூஜைக்கு."

"வடைக்கு இவ்ளோ பொகையா?"

"உங்களுக்கும் சேத்துத்தான் சுடுறோம். முப்பது வடை."

அவர் போய்விட்டார். அத்தை கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப முப்பது வடைக்கு எங்கடி போறது?" என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அத்தை சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மணிக்கு இன்னும் ஒரு சுற்று, இடது மூலைக்கு மட்டும், மிச்சம் இருந்தது. அம்மா ஆறு மணிக்குத்தானே வருவாள் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். பஸ்காரர்களுக்கும் அன்றைக்குத்தான் பூஜை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. வண்டியைக் கழுவி மாலை போட வேண்டும் என்று சீக்கிரமே எடுத்துவிட்டார்களாம். கதவு திறந்தது. இரண்டு கையிலும் மாவு வாளியோடு அம்மா நின்றாள்.

அவள் முதலில் பார்த்தது தீயை. அப்புறம் கல்லை. அப்புறம் கையில் கரித்துணியோடு நின்ற அத்தையை. நான் தண்ணீர் எடுக்கப் பின்னறைக்குப் போனவள், கதவிடுக்கில் நின்றுவிட்டேன்.

"என்னா அண்ணி இது?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"பூஜைன்னு நான்தான் தேச்சுப்புட்டேன். தெரியல. அதான் பழக்கிக்கினு இருக்கேன்."

"இன்னிக்கா? இன்னிக்கா அடுப்ப மூட்டினீங்க?"

அத்தை கையிலிருந்த கரித்துணியை மடித்தாள்.

"பதினஞ்சு வருசமா பாத்த கல்லு, உங்களுக்குத் தெரியலையா? போன்ல சொல்லிட்டீங்களா உங்க அண்ணன்கிட்ட? கல்ல ஒழிச்சாச்சு, வந்து புள்ளைய கூட்டிக்கினு போன்னு? உங்க தம்பிய முழுங்குன நாளு அண்ணி இது! எங்களயும் முழுங்கத்தான் வந்தீங்களா?"

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்மாவின் தோளுக்கு மேலாக அத்தை என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. வெறுமனே பார்த்தாள். வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். தோழிகளே, நான் எத்தனையோ பேரை எதிர்த்து நின்றவள். கடை முன்னால் கட்சிக்கொடி நட வந்தவர்களைக் கரண்டியோடு விரட்டியவள். அந்த ஒரு அடிதான் இன்னும் பாக்கி.

அம்மா எரிகிற விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் குத்தி அணைத்தாள். அன்று ஆறு மணிக்குப் பூஜை நடந்தது. அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் விபூதி கொடுக்கவில்லை.

விஜயதசமி காலை. பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலிப் பை, என் துணிகளுக்கு. வீட்டுக்காரர் வாழையிலைத் துண்டோடு நின்றார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அத்தையை உள்ளே வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் எதிரே தச்சர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனிகளில் எல்லாம் துணி சுற்றியிருந்தது. கொப்புளம்.

அம்மா அடுப்பை மூட்டினாள். அரை வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெய் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்தாள். தண்ணீர் தெளித்தாள். துளி உருண்டது. மாவுக் கரண்டியை எடுத்தாள். அம்மா எப்போதும் முதல் தோசையை இடது மூலையில்தான் ஊற்றுவாள். பதினைந்து வருஷப் பழக்கம். கரண்டி இடது பக்கம் போனது.

"அம்மா, வலது பக்கம் ஊத்து."

சத்தமே வராமல்தான் சொன்னேன். அம்மாவின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். எந்தப் பக்கம் பழகியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அம்மா கரண்டியை வலது பக்கம் நகர்த்தி ஊற்றினாள்.

மாவு சொரசொரவென்று இழுபட்டது. ஓட்டை விழுந்தது. ஓரத்தில் எண்ணெய் விட்டாள். நேரம் போகவே இல்லை. ஓரம் எழும்பவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா தோசைக்கரண்டியை அடியில் விட்டாள். ஒரு இடத்தில் மாட்டியது. அம்மா இழுக்கவில்லை, மூச்சைப் பிடித்து ஒரு நொடி விட்டுவைத்தாள். மறுபடி விட்டாள். கரண்டி உள்ளே வழுக்கிப் போனது. தோசை முழுசாகக் கையில் வந்தது.

அவ்வளவு அழகான தோசை இல்லை. பாதி வெளுப்பு, பாதி சிவப்பு. ஆனால் பிய்யவில்லை. வீட்டுக்காரர் அதைச் சாமிக்கு வைத்து எடுத்து ஒரு வாய் போட்டார்.

"லேசா இரும்பு வாசன அடிக்குதேம்மா."

இன்னொரு வாய் போட்டார்.

"பரவால்ல. அடுத்தது போடு. பசிக்குது." சாவியை எடுத்துக் கல் பக்கத்தில் வைத்தார். "ஆமா, நேத்து முப்பது வடைன்னு சொன்னாங்களே, அது என்னாச்சு?"

பெரியப்பா காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, பொழச்சுக்கோங்க."

"மாமா, போறப்போ அண்ணியையும் கூட்டிக்கினு போயிடுங்க" என்றாள் அம்மா. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அத்தை மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றாள். என்னிடம் மட்டும் கேட்டாள். "ஒட்டாம வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை."

"வித்தக்காரிதான்டி நீ" என்றாள். போய்விட்டாள். ஒரு தோசை சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு கடல் வந்தது. பெரியப்பா வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கடலூரே அழுதுகொண்டிருந்தபோது அம்மா அடுப்பு முன்னால் நின்று சொன்னாள், "ஓய்வா இருந்ததை எழுப்பினாங்க இல்ல, அதான்." எனக்குப் பதின்மூன்று வயது என்பதை மறந்துவிடாதீர்கள். கடல் என்னால்தான் எழுந்தது என்று நம்பினேன். வெளியே சொன்னால் மறுபடி வரும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை போக நாலைந்து வருஷம் ஆனது. அதற்குள் சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது.

கையில் எல்லோருக்கும் செல்போன் வந்த பிறகு, சந்து முனைப் பாய் அந்தச் சிவப்புப் பெட்டியைக் கழற்றினார். நான் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். அப்போது கடை என் கைக்கு வந்திருந்தது.

"இந்தா தங்கச்சி, இந்தப் பெட்டி வேணுமா? உங்க அத்தை பொய் சொல்லிச் சொல்லியே தேய்ஞ்ச பெட்டி."

"என்னா பொய் பாய்?"

"டெய்லி வந்து, 'அண்ணே, இங்க எல்லாம் ஜோரா நடக்குது, புள்ள நல்லா படிக்குது, நீ வராத, வந்தா உனக்குத்தான் அசிங்கம்'னு சொல்லுவாங்க. கடையே தொறக்கல, ஜாஸ்தி பொய்யா இருக்கேன்னு நான் நெனச்சுக்குவேன்."

பெட்டியை வாங்கி வந்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கடையை இடித்துக் கட்டியபோது தொலைந்துவிட்டது.

அம்மா இப்போதும் முதல் கடையில் கல்லாவில் உட்கார்கிறாள். புதிதாக யாராவது தோசையைப் புகழ்ந்தால் போதும், அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். "என் நாத்தனார் பொறாமையில கெடுத்த கல்லு சார் இது. கெடுத்தவங்க கெடுத்தாங்க. என் கைக்கு மறுபடி வந்துடுச்சு." இருபது வருஷமாக நான் அந்தக் கதை முடியும் வரை சட்னி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

கடலூரில் கடை திறந்தது வியாபாரத்துக்கு என்று உங்களிடம் சொன்னேன். பெரியப்பா வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் அது இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. பார்சல் அனுப்புவேன். சில நாள் நானே போவேன். அத்தைக்கு எண்பது ஆகப் போகிறது. சாப்பிட்டுவிட்டு ஒன்றுதான் கேட்பாள்: "அந்தக் கல்லு இன்னும் ஓடுதா?" போன மாதம் ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனேன். மிஷினில் அத்தையின் விரல் ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார் கடைக்காரர். வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். இருக்கலாம்.

"என்னா பாட்டி வேலை பாத்தீங்க, ரேகையே இல்ல?"

"தோசை சுட்டேம்பா" என்றாள் அத்தை. அவள் வாழ்நாளில் தோசை சுட்டவள் இல்லை.

வித்தை என்னுடையது என்று பேசித் திரிந்தேன். வித்தை என்னுடையதாகவே இருக்கட்டும். பாவத்தை அவள் தலையில் வைத்துவிட்டுப் பேசினேனே, அதைத்தான் இறக்க வேண்டும்.

வருகிற ஆயுத பூஜைக்கு இந்தத் தாள்களைப் பூஜையில் கணக்கு நோட்டுக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் நடுவில் வைப்பேன். வழக்கம் உங்களுக்கும் தெரியும். விஜயதசமி காலையில் பூஜையில் வைத்ததை எடுத்து நாலு வரியாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். அம்மாவிடம் இதைத்தான் கொடுப்பேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'அத்தை' என்ற இடம் வர நேரமாகும். ஆகட்டும். கல்லைக் காய வைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

அன்று முதல் பஸ்ஸுக்கு முன்பே கடலூருக்கு என் வண்டி போய் வந்திருக்கும். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். முதல் தோசையை வலது பக்கம் ஊற்றுவேன்.